போலிச் சான்றிதழ் புகாரும் நர்ஸ் லைசென்ஸும்: அமெரிக்க நர்சிங் போர்டின் நடவடிக்கை பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 ஜனவரி 25 அன்று ஃப்ளோரிடாவின் தெற்கு மாவட்ட ஃபெடரல் அரசு வழக்கறிஞர் அலுவலகம் 25 பேர் மீது வழக்குப் பதிந்திருப்பதாக அறிவித்தது. மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலி டிப்ளமோக்களும் மதிப்பெண் பட்டியல்களும் விற்கப்பட்டிருந்தன. எஃப்.பி.ஐ.யும் ஃபெடரல் சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகமும் சேர்ந்து நடத்திய அந்த விசாரணைக்கு ஆபரேஷன் நைட்டிங்கேல் என்று பெயர். பாம் பீச் ஸ்கூல் ஆஃப் நர்சிங், சியனா காலேஜ், சேக்ரட் ஹார்ட் இன்டர்நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆகிய அந்த மூன்று பள்ளிகளும் அறிவிப்பு வருவதற்கு முன்பே மூடப்பட்டிருந்தன.

விற்றவர்கள் மீதான வழக்கு கிரிமினல் கோர்ட்டில் நடந்தது. வாங்கியவர்களில் 2,000 பேருக்கு மேல், நர்ஸ் லைசென்ஸுக்காக எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வில் தேறியிருந்தார்கள். அவர்களில் பலர் லைசென்ஸ் பெற்று மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய லைசென்ஸை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பொறுப்பு மாநில நர்சிங் போர்டுகளிடம் வந்தது. அந்த போர்டு நடவடிக்கை எப்படி நகர்கிறது, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த நர்ஸ், வீட்டில் ஒருவருக்கு போர்டு கடிதம் வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர், மருத்துவமனை ஹெச்.ஆர். பிரிவில் இப்போதுதான் சேர்ந்தவர் என்று எல்லோரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்காமல் சான்றிதழ் வாங்கியவர் நோயாளியின் படுக்கை அருகே நிற்கக் கூடாது. அதில் எனக்குச் சமரசம் கிடையாது. அதே நேரம், உண்மையாகப் படித்த ஒருவர் பயத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து லைசென்ஸை இழந்துவிடவும் கூடாது. இந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவு நடைமுறையும் இருக்கிறது.

முதலில், யாருக்கு அதிகாரம்?

அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸ் தருவது மாநில அரசு. நாடு முழுவதற்கும் ஒரே கவுன்சில் என்று கிடையாது. ஃப்ளோரிடாவிலும் டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் போர்டு ஆஃப் நர்சிங் என்ற பெயரிலேயே அமைப்பு இருக்கிறது. நியூயார்க்கில் இது மாநிலக் கல்வித் துறையின் கீழ் வருகிறது. ஒழுங்கு நடவடிக்கையில் இறுதி முடிவு, அந்தத் துறையை மேற்பார்க்கும் போர்டு ஆஃப் ரீஜென்ட்ஸ் என்ற குழுவிடம் இருக்கிறது. ஆகவே கடிதம் எந்த மாநிலத்திலிருந்து வந்திருக்கிறதோ, அந்த மாநிலச் சட்டம்தான் உங்களுக்குப் பொருந்தும். வேறு மாநிலத்தில் இருக்கும் தோழி சொன்ன அனுபவத்தை அப்படியே நம்பி இறங்காதீர்கள்.

இதில் நர்ஸ் லைசென்ஷர் காம்பாக்ட் என்ற மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தமும் சேர்கிறது. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களும் பிரதேசங்களும் இதில் உள்ளன. நீங்கள் நிரந்தரமாகக் குடியிருக்கும் மாநிலம் தரும் ஒரே மல்டிஸ்டேட் லைசென்ஸை வைத்து மற்ற காம்பாக்ட் மாநிலங்களிலும் வேலை செய்யலாம். நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் இதில் இல்லை. வசதியான ஏற்பாடுதான், ஆனால் நடவடிக்கை என்று வந்தால் அதே வசதி திரும்பி அடிக்கும். சொந்த மாநிலம் லைசென்ஸை முடக்கினால் மற்ற எல்லா காம்பாக்ட் மாநிலங்களிலும் வேலை செய்யும் உரிமை சேர்ந்தே போய்விடும். விசாரணை நடக்கும்போது வீட்டைக் காலி செய்து வேறு மாநிலத்துக்குப் போனாலும், பழைய மாநிலம் தன் விசாரணையை முடிக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது.

“தேர்வில் தேறிவிட்டேனே, அது போதாதா?”

போதாது. நிறையப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

என்கிளெக்ஸ் எழுத யாரை அனுமதிக்கலாம் என்று முடிவு செய்வது போர்டு. அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் வகுப்பையும் கிளினிக்கல் போஸ்டிங் எனும் மருத்துவமனைப் பயிற்சியையும் முடித்தவர் என்று பள்ளி சான்று தந்தால்தான் தேர்வு எழுதும் அனுமதியே கிடைக்கும். அந்தச் சான்று பொய் என்றால், தேர்வு எழுதும் தகுதியே உங்களுக்கு இருந்ததில்லை என்று போர்டு வாதிடும். நல்ல மதிப்பெண், பல வருட வேலை அனுபவம், நோயாளிகள் தந்த பாராட்டுக் கடிதம் எதுவும் அந்த ஓட்டையை அடைக்காது. வார்டில் ஒரு நோயாளியைக் குளிப்பாட்டவும், வடிகுழாய் போடவும், ரத்த அழுத்தம் சரியும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் ஆசிரியரின் மேற்பார்வையில் பல நூறு மணி நேரம் நின்றிருக்க வேண்டும். கணினித் திரையில் கேள்விகளுக்குப் பதில் சொல்வதை வைத்து அதை ஈடுகட்ட முடியாது என்பதால்தான் சட்டம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது.

“நோயாளி யாருக்கும் கெடுதல் நடக்கவில்லையே” என்பதும் அடிக்கடி வரும் வாதம். ஆபரேஷன் நைட்டிங்கேலை அறிவித்தபோது, நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததற்கான ஆதாரம் கிடைக்கவில்லை என்று விசாரணை அதிகாரிகளே சொன்னார்கள். ஆனால் போர்டு தீங்கை நிரூபிக்க வேண்டியதில்லை. டெக்சாஸ் நர்சிங் சட்டத்தில் மோசடியால் லைசென்ஸ் பெறுவதும், பெற முயல்வதும் தனிக் குற்றமாகவே இருக்கின்றன. நியூயார்க் சட்டத்தில் தொழில்சார் தவறுகளின் பட்டியலில் முதலாவதாக இருப்பதே மோசடியாக லைசென்ஸ் பெறுவதுதான். ஃப்ளோரிடா சட்டம் இன்னும் ஒரு படி போகிறது. தெரிந்தே சொன்ன பொய்யோடு, துறையின் அல்லது போர்டின் பிழையால் கிடைத்த லைசென்ஸையும் அதே பிரிவில் சேர்த்திருக்கிறது. ஆகவே, “எனக்குத் தெரியாது, ஏஜென்ட் ஏமாற்றிவிட்டார்” என்பது தண்டனையின் அளவைக் குறைக்கலாம். லைசென்ஸைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம்.

போர்டுக்கு எப்படித் தெரிய வருகிறது

ஃபெடரல் விசாரணையில் பள்ளியின் கணினியோ ஏட்டோ கைப்பற்றப்பட்டால், அதில் இருக்கும் பெயர்கள் மாநில போர்டுகளுக்குப் போகின்றன. வேலை கொடுத்தவர், உடன் வேலை செய்பவர், பழைய கணவர் என்று யார் வேண்டுமானாலும் புகார் தரலாம். விண்ணப்பத்தைப் பார்க்கும்போதே சந்தேகம் வருவதும் உண்டு. விண்ணப்பதாரர் நியூயார்க்கில் முழுநேர வேலை பார்த்த அதே மாதங்களில் ஃப்ளோரிடாவில் கிளினிக்கல் போஸ்டிங் செய்ததாகக் காட்டும் மதிப்பெண் பட்டியல், பள்ளி மூடப்பட்ட பிறகு அச்சிட்டு முன்தேதி போட்ட டிப்ளமோ, ஒரே பள்ளியிலிருந்து வரும் பலருக்கு ஒரே மாதிரி மதிப்பெண்கள் போன்றவைதான் கண்ணில் படும்.

கடிதம் வந்தால்: முதல் சில நாட்கள்

முதல் வேலை, உறையைப் பிரித்துத் தேதியைப் பார்ப்பது. கடிதத்தில் பதில் தர வேண்டிய கெடு இருக்கும். ஃப்ளோரிடாவில் முறையான குற்றச்சாட்டு கையில் கிடைத்தபின், அதை எதிர்த்து விசாரணை கேட்கிறீர்களா என்று தெரிவிக்க 21 நாள்தான். கெடு தாண்டினால் எதிர்க்கும் உரிமையைக் கைவிட்டதாக எடுத்துக்கொண்டு உத்தரவு போட்டுவிடலாம். நீங்கள் போர்டிடம் கொடுத்து வைத்திருக்கும் முகவரிக்கு அனுப்பினாலே அறிவிப்புத் தந்ததாகப் பல மாநிலங்கள் கருதும். வீடு மாறி, போர்டில் முகவரியை மாற்றாமல் விட்ட ஒரே காரணத்தால் தன் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பை இழப்பது மிகவும் கொடுமை. இந்தக் கட்டுரையை வாசிக்கும்போது உங்கள் முகவரி போர்டில் சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், மீதியை அப்புறம் வாசியுங்கள். முதலில் போய் அதைத் திருத்துங்கள்.

அடுத்து, எந்த வகைக் கடிதம் என்று பாருங்கள். “தகவல் தேவை, இந்த ஆவணங்களை அனுப்புங்கள்” என்று கேட்பது விசாரணையின் தொடக்கம். குற்றச்சாட்டுகளை எண் போட்டு எழுதியிருந்தால் அது முறையான நடவடிக்கை. லைசென்ஸ் உடனடியாக நிறுத்தி வைக்கப்படுகிறது என்றால் அது அவசர உத்தரவு. அன்றிலிருந்தே வேலை செய்யக் கூடாது. விசாரணை அதற்குப் பிறகு நடக்கும்.

மூன்றாவது, வக்கீல். குடியேற்ற வக்கீலோ வீட்டு வாடகைத் தகராறைப் பார்த்த வக்கீலோ இதற்கு உதவ மாட்டார். நர்சிங் போர்டு வழக்குகளை நடத்திய வக்கீல் வேண்டும். நர்ஸாக இருந்து வக்கீலானவர்களின் சங்கம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது, அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் நர்ஸ் அட்டர்னிஸ் என்று பெயர். அங்கிருந்து தேடத் தொடங்கலாம். செலவுக்குப் பயப்படுகிறவர்கள், உங்களிடம் நர்ஸுக்கான லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் இருந்தால் அந்தப் பாலிசியை எடுத்துப் பாருங்கள். போர்டு வழக்குக்கான வக்கீல் செலவை ஓரளவு தரும் பிரிவு பல பாலிசிகளில் இருக்கிறது.

வக்கீலைப் பார்க்கும் வரை செய்யக் கூடாதவை சில உண்டு. போர்டின் விசாரணை அதிகாரி போனில் அன்பாகப் பேசுவார். நீங்கள் சொல்வதெல்லாம் அறிக்கையில் ஏறும். மரியாதையாக, “எழுத்தில் பதில் தருகிறேன், வக்கீல் மூலம் பேசுகிறேன்” என்று சொன்னால் போதும். வந்திருப்பவர் ஃபெடரல் ஏஜென்ட் என்றால் இன்னும் கவனம். அவரிடம் பொய் சொல்வதே 5 ஆண்டு வரை சிறை தரக்கூடிய தனிக் குற்றம். பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, பொய் பேச உரிமை இல்லை. போனில் இருக்கும் செய்திகளையும், சான்றிதழ் ஏற்பாடு செய்த ஏஜென்ட்டோடு நடந்த உரையாடலையும் அழிக்காதீர்கள். அதே பள்ளியில் படித்த மற்றவர்களோடு கூடி, “எல்லோரும் இப்படிச் சொல்லலாம்” என்று பேசிவைத்துக்கொள்ளவும் வேண்டாம். அது சான்றிதழ் மோசடியைவிடப் பெரிய வழக்கில் கொண்டுபோய் விடும்.

படிக்காமலேயே சான்றிதழ் வாங்கியவர் என்றால், நேரடியாகவே சொல்கிறேன். வேலைக்குப் போவதை நிறுத்துங்கள். இன்று இரவு டியூட்டி இருந்தாலும் போகாதீர்கள். உங்களை நம்பி மருந்தை வாங்கி விழுங்கும் மனிதருக்கு இது தெரியாது. அதோடு, எவ்வளவு நாள் தொடர்கிறீர்களோ அவ்வளவும் உங்கள் மீதே கூடுதல் எடையாக ஏறும்.

“நீங்களாகவே ஒப்படைத்துவிடுங்கள்” என்று கேட்டால்

ஆபரேஷன் நைட்டிங்கேல் செய்தி வெளியான அதே மாதத்தில், ஜார்ஜியா போர்டு 22 நர்ஸ்களுக்குக் கடிதம் அனுப்பியது. 30 நாளுக்குள் லைசென்ஸைத் தாமாகவே ஒப்படைத்துவிட வேண்டும் என்று அதில் கேட்டிருந்தது. சிலர் மறுத்தார்கள், தாங்கள் உண்மையாகவே படித்ததாகச் சொன்னார்கள்.

இப்படி ஒரு கடிதம் வந்தால், ஒப்படைத்துவிட்டால் விஷயம் சத்தமில்லாமல் முடிந்துவிடும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அப்படி முடியாது. விசாரணை நிலுவையில் இருக்கும்போது லைசென்ஸை ஒப்படைப்பதும் ஒழுங்கு நடவடிக்கையாகவே பதிவாகும். நேஷனல் பிராக்டிஷனர் டேட்டா பேங்க் என்ற ஃபெடரல் தரவு வங்கிக்கு 30 நாளுக்குள் அது அறிக்கையாகப் போகும். மற்ற மாநில போர்டுகளும் பார்க்கும். முறையான ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது ஒப்படைத்திருந்தால், மெடிகேர், மெடிகெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் பணம் வரும் எந்த இடத்திலும் வேலை செய்ய முடியாதபடி சுகாதாரத் துறையின் விலக்குப் பட்டியலிலும் பெயர் ஏறலாம். அமெரிக்காவில் அந்தப் பணம் வராத மருத்துவமனையைத் தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம். பெயர் ஏறினால் அலுவலகப் பணியாளராகவோ நோயாளி உதவியாளராகவோ கூட அங்கே சேர முடியாது.

கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளில் கவனிக்க வேண்டியவை: குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன் என்ற வரி இருக்கிறதா, அல்லது ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் ஒப்படைக்கிறேன் என்று இருக்கிறதா? மறுபடி விண்ணப்பிக்க எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும், அல்லது ஒருபோதும் முடியாதா? விசாரணை கேட்கும் உரிமையையும் மேல்முறையீட்டு உரிமையையும் கைவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறதா? ஒப்புதல் வரி இருந்தால் அது நாளை கிரிமினல் வழக்கில் உங்களுக்கு எதிராகவே வரலாம். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் அங்கேயும் எட்டிப்பார்க்கும். எனவே இந்த ஒரு தாளைக் குடியேற்ற வக்கீலுக்கும் காட்டியாக வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் ஒப்படைப்பதே சரி என்ற நிலைமை இருக்கலாம். படிப்பே நடக்கவில்லை என்றால், வழக்கை இழுத்துப் பணத்தைக் கரைப்பதைவிட வக்கீல் பேசி நல்ல வாசகத்தோடு ஒப்படைப்பது மேல். நான் எச்சரிப்பது உண்மையாகப் படித்தவர்களை. சமையலறை மேசையில் வைத்து, யாரிடமும் கேட்காமல் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிடாதீர்கள்.

உண்மையாகப் படித்தவர் எதைக் காட்டி நிரூபிப்பது

சந்தேகத்துக்குள்ளான பள்ளியில் படித்த எல்லோரும் மோசடிக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள். வகுப்புக்குப் போய்ப் படித்தவர்களும் அதே பட்டியலில் சிக்கிக்கொள்வது நடக்கிறது. பள்ளி மூடிவிட்டது, ஏடுகள் ஃபெடரல் அதிகாரிகளிடம் இருக்கின்றன. பள்ளி தரும் சான்றை போர்டு நம்பப் போவதும் இல்லை. ஆகவே பள்ளிக்கு வெளியே இருக்கும் தடயங்களைத்தான் தேட வேண்டும்.

வலுவானது கிளினிக்கல் தடயம். எந்த மருத்துவமனை, எந்த வார்டு, எந்த மாதங்கள், மேற்பார்வை செய்த ஆசிரியர் யார் என்று எழுதிக்கொண்டு, அந்த மருத்துவமனைக்கே எழுதிக் கேளுங்கள். மாணவருக்குத் தந்த அடையாள அட்டை, உள்ளே விடுவதற்கு முன் கேட்ட தடுப்பூசி ஆவணம், காசநோய்ப் பரிசோதனை முடிவு, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு என்று பெரும்பாலும் அங்கே ஏதாவது பதிவு இருக்கும். சிபிஆர் பயிற்சி அட்டையின் தேதியும் உதவும்.

பணத்தின் தடயம் அடுத்தது. தவணை தவணையாக, பல மாதங்களில், வங்கி மூலம் கட்டிய கட்டணம் படித்தவரின் பழக்கம் போலத் தெரியும். ஒரே நாளில் 10,000 முதல் 15,000 டாலர் வரை தனியாளின் கணக்குக்கு மொத்தமாகப் போயிருந்தால், அது ஆபரேஷன் நைட்டிங்கேல் வழக்கில் சொல்லப்பட்ட விலையோடு பொருந்திப்போகும்; அதை விளக்க வேண்டிய சுமை உங்கள் தலையில் விழும். கல்விக் கடன் ஆவணம், வருமான வரிக் கணக்கில் காட்டிய கல்விக் கட்டணம் ஆகியவற்றையும் எடுத்துவையுங்கள்.

பிறகு, நீங்கள் அந்த ஊரில் இருந்ததற்கான தடயம். வாடகை ஒப்பந்தம், சுங்கச்சாவடிக் கட்டணப் பதிவு, விமான டிக்கெட், அந்த மாதங்களில் வேலை பார்த்த இடத்தின் ஷிப்ட் அட்டவணை. இதில் ஷிப்ட் அட்டவணை இரண்டு பக்கமும் வெட்டும் என்பதால் போர்டு பார்ப்பதற்கு முன் நீங்கள் பாருங்கள். பாடநூலின் ஓரத்தில் எழுதிய குறிப்பு, பேராசிரியர் திருத்தித் தந்த கேர் பிளான், வகுப்புத் தோழிகளின் வாட்ஸப் குழுவில் “நாளைக்கு மகப்பேறு வார்டு, ஆறரைக்கு வந்துவிடு” என்று வந்த செய்தி எல்லாம் ஆதாரம்தான். தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ஒரு பக்கத்தில் காலவரிசை எழுதி முகப்பில் வையுங்கள். குழப்பமாகக் குவித்து அனுப்பினால் நல்ல ஆதாரமும் கண்ணில் படாமல் போகும்.

எதையும் புதிதாக உருவாக்காதீர்கள். காணாமல் போன சான்று காணாமல் போனதாகவே இருக்கட்டும். வருகைப் பதிவேட்டுக்கு ஒரு தாள் தயாரித்துக் கொடுத்தால், அதுவரை உண்மையாளராக இருந்தவர் அந்த ஒரு தாளால் மோசடிக்காரர் ஆகிவிடுவார்.

விசாரணை நாள்

லைசென்ஸ் கொடுத்துவிட்டால் அது உங்கள் சொத்து உரிமைபோல. அறிவிப்பும் பதில் சொல்லும் வாய்ப்பும் தராமல் நிரந்தரமாகப் பறிக்க முடியாது. உண்மைகளை மறுத்தால் வழக்கு நிர்வாகச் சட்ட நீதிபதியிடம் போகும். டெக்சாஸில் இதற்கென்று மாநில நிர்வாக விசாரணை அலுவலகம் இருக்கிறது, ஃப்ளோரிடாவிலும் தனிப் பிரிவு உண்டு. நியூயார்க்கில் ஒரு விசாரணைக் குழு கேட்டுப் பரிந்துரை செய்யும். ஜூரி கிடையாது. கிரிமினல் வழக்கில்போல் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய அவசியமும் போர்டுக்கு இல்லை. பல மாநிலங்களில் எது அதிகம் நம்பத்தகுந்தது என்ற அளவு போதும். ஃப்ளோரிடாவில் லைசென்ஸை ரத்து செய்ய இன்னும் கடினமான, தெளிவான ஆதாரம் வேண்டும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1987-இலேயே சொல்லிவிட்டது. உங்கள் மாநிலம் எந்த அளவுகோலைப் பிடிக்கிறது என்பதை வைத்துத்தான் எதிர்ப்பதா, போர்டோடு பேசி முடித்துக்கொள்ளும் சம்மத உத்தரவுக்குப் போவதா என்று வக்கீல் ஆலோசனை சொல்வார்.

கிரிமினல் விசாரணையும் கூடவே ஓடினால், போர்டு விசாரணையில் வாய் திறப்பதா வேண்டாமா என்பது சிக்கலான முடிவு. கிரிமினல் வழக்கில் மௌனம் உங்களுக்கு எதிராக எண்ணப்படாது. நிர்வாக விசாரணையில் பொதுவாக எண்ணப்படலாம். இதை நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள்.

உத்தரவு வந்த பிறகு

முடிவு பல விதமாக வரும். குற்றச்சாட்டு கைவிடப்படலாம், லைசென்ஸ் தற்காலிகமாக நிறுத்தப்படலாம், ரத்தாகலாம். டெலவேர் செய்ததுபோல் லைசென்ஸே செல்லாது என்று அறிவித்து, அப்படி ஒன்று கொடுக்கப்படவே இல்லை என்பதுபோல் ஆக்கும் வழியும் உண்டு. லைசென்ஸ் கிடைக்கும் முன்பே விஷயம் வெளிவந்தால் விண்ணப்பம் மறுக்கப்படும்.

நர்சிஸ் என்ற தேசிய லைசென்ஸ் தரவுத்தளத்தில் நடவடிக்கை ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். டேட்டா பேங்க் பொதுமக்களுக்குத் திறந்ததில்லை. மருத்துவமனைகளும் போர்டுகளும் பார்க்கும். உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று சிறு கட்டணம் கட்டி நீங்களே கேட்டு வாங்கலாம். கட்டாயம் வாங்கிப் பாருங்கள், தவறாக எழுதியிருந்தால் மறுப்புத் தெரிவிக்க வழி உண்டு. இதற்குப் பிறகு எந்த மாநிலத்தில், எந்த விண்ணப்பத்தில், “உங்கள் மீது எப்போதாவது நடவடிக்கை எடுக்கப்பட்டதா” என்று கேட்டாலும் ஆம் என்றே எழுதுங்கள். ‘இல்லை’ என்ற ஒரு சொல் புதிய மோசடிக் குற்றச்சாட்டாக மாறும்.

வேலைக்கு எடுப்பவர்களுக்கு

லைசென்ஸ் பிரிண்ட் அவுட்டை நர்ஸ் கையிலிருந்து வாங்கி ஃபைலில் வைக்காதீர்கள். நர்சிஸில் நீங்களே பாருங்கள். நிலை மாறினால் தானாகத் தகவல் வரும்படி அதில் பதிந்துகொள்ளலாம். விலக்குப் பட்டியலையும் பாருங்கள். சந்தேகம் வந்தவரை வேலையைவிட்டு அனுப்புவது மட்டும் போதாது. அவர் அடுத்த தெருவில் உள்ள முதியோர் இல்லத்தில் சேர்ந்துவிடுவார். போர்டுக்கு எழுதுங்கள், பல மாநிலங்களில் அது கட்டாயமும்கூட. முன்னாள் ராணுவத்தினருக்கான ஃபெடரல் மருத்துவமனைத் துறை, ஆபரேஷன் நைட்டிங்கேல் செய்தி வந்தபின் 89 நர்ஸ்களை நோயாளிப் பணியிலிருந்து உடனே விலக்கியது. விசாரணை முடியும்வரை நோயாளியிடமிருந்து தள்ளி வைப்பதும், தீர்ப்பு சொல்லாமல் இருப்பதும் சேர்ந்தே செய்யக்கூடியவை.

தமிழ்நாட்டிலிருந்து வரும் நர்ஸ்கள் கவனிக்க

வெளிநாட்டில் படித்தவரின் ஆவணங்களைச் சரிபார்க்கும் பெரிய அமைப்பு, இத்தனை காலமாக சி.ஜி.எஃப்.என்.எஸ். என்று அறியப்பட்டது, 2025-இல் ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதற்கு மதிப்பெண் பட்டியலும் பாட மணி நேரமும் கல்லூரியிலிருந்தே நேராகப் போக வேண்டும். பதிவுச் சான்று சென்னையில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலிலிருந்து நேராகப் போக வேண்டும். உங்கள் கையில் கொடுத்து அனுப்பும் உறை ஏற்கப்படாது. இதில் தாமதம் ஆகும். அந்தத் தாமதத்தில்தான் “நான் முடித்துத் தருகிறேன், மணி நேரத்தைக் கொஞ்சம் ஏற்றிப் போட்டுக்கொள்ளலாம்” என்று ஏஜென்ட் வருவார்.

மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் ஆகிய பாடங்களில் ஏதாவது ஒன்றில் கிளினிக்கல் மணி நேரம் குறைவு என்று போர்டு திருப்பி அனுப்பினால், அந்தப் பாடத்தை மட்டும் தனியாகப் படித்து முடிக்கச் சொல்லும் வழி பல மாநிலங்களில் இருக்கிறது. செலவும் நாளும் ஆகும், ஆனால் நேர்மையான வழி அது. ஏற்றிப் போட்ட மணி நேரமும் வேலை செய்யாத மருத்துவமனையின் அனுபவச் சான்றும் பிடிபட்டால் லைசென்ஸ் மட்டும் போகாது. விசாவுக்காகக் கொடுத்த ஆவணத்தில் பொய் என்றால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி வாழ்நாள் முழுவதும் உள்ளே வர முடியாத தடை விழலாம். ஏஜென்ட் செய்தது என்றாலும் கையெழுத்து உங்களுடையது. என்ன அனுப்பினார்கள் என்று ஒவ்வொரு தாளின் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; தர மறுக்கும் ஏஜென்டை விட்டு விலகுங்கள்.

அமெரிக்காவுக்கு வந்த பிறகு மேற்படிப்புக்கோ, எல்.பி.என். என்ற கீழ்நிலை நர்ஸ் லைசென்ஸிலிருந்து ஆர்.என். என்ற பதிவு நர்ஸ் ஆவதற்கோ பள்ளி தேடுபவர்கள், அந்தப் பள்ளி மாநில போர்டின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, தேர்வில் அதன் தேர்ச்சி விகிதம் என்ன என்று போர்டின் தளத்தில் பாருங்கள். ஃப்ளோரிடாவில் தேர்ச்சி விகிதம் இரண்டு ஆண்டு தொடர்ந்து தேசிய சராசரியைவிட 10 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் குறைந்தால் பள்ளி தகுதிகாண் நிலைக்குப் போகும். கிளினிக்கல் எந்த மருத்துவமனையில் என்று கேட்டால் மழுப்பும் பள்ளியில் சேராதீர்கள்.

திரும்பி வர வழி

லைசென்ஸ் போன பிறகும் நர்ஸாக வேண்டும் என்ற ஆசை உண்மையாக இருந்தால், சில மாநிலங்களில் வழி மூடப்படவில்லை. உத்தரவில் சொன்ன காலம் முடிந்தபின் விண்ணப்பிக்கலாம். ஆனால் பழைய டிப்ளமோ செல்லாது என்பதால் அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். தேர்வையும் மறுபடி எழுதச் சொல்லலாம். பள்ளியில் சேரும் முன்பே போர்டுக்கு எழுதி, “இந்தப் படிப்பை முடித்தால் என் விண்ணப்பத்தை ஏற்பீர்களா” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பல மாநிலங்களில் இப்படி முன்கூட்டியே தகுதி கேட்டுத் தெரிந்துகொள்ளும் விண்ணப்பமே இருக்கிறது. டெக்சாஸில் அதற்குத் தனி நடைமுறை உண்டு. விலக்குப் பட்டியலில் பெயர் இருந்தால், லைசென்ஸ் கிடைத்ததும் அது தானாக நீங்காது. இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகத்துக்குத் தனியாக விண்ணப்பித்து, நீக்கியதாகக் கடிதம் வந்த பிறகே வேலைக்குச் சேர முடியும். பட்டியலில் பெயர் நிற்கும் வரை பள்ளியின் கிளினிக்கல் போஸ்டிங்குக்கும் மருத்துவமனை உள்ளே விடுமா என்பதைச் சேரும்போதே பள்ளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.